புயல் பாதுகாப்பு மையத்தில் நாய், பூனைகளுக்கும் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துக் கடலோர ஊராட்சிகளில் புயல் முன்னேற்பாட்டுப் பயிற்சிக்குச் செல்லும்போதெல்லாம், கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் அருகில் வந்து, மற்றவர்கள் காதில் விழாத குரலில், வீட்டில் இருக்கும் நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ கேட்பார். கூட்டத்தில் எழுந்து கேட்டால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். ஏறத்தாழ எல்லா ஊரிலும் அதே ஐயங்கள்தான் வருகின்றன என்பதால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். மையத்தை நடத்தும் ஊராட்சியினருக்கும் முதல்நிலை மீட்பாளர்களுக்கும் எழுதப்பட்டது இது. பிராணி வளர்ப்பவர்களுக்கும் பயன்படும்.

1. மனுஷனுக்கே படுக்க இடம் இல்லை. இதுல நாய்க்கும் பூனைக்கும் இடம் ஒதுக்கணுமா?

ஒதுக்க வேண்டும், அதுவும் மனிதர்களுக்காகவே ஒதுக்க வேண்டும். பிராணிக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டால், அதை வளர்ப்பவர்களில் சிலர் வீட்டைவிட்டு வரவே மாட்டார்கள். சிலர் மரம் விழத் தொடங்கிய பிறகு வருவார்கள். சிலர் வந்துவிட்டு நடு இரவில் யாருக்கும் சொல்லாமல் திரும்பிப் போவார்கள். மூன்றாவது வகையினர்தான் மீட்பாளர்களின் உயிருக்கும் ஆபத்தைக் கொண்டுவருகிறவர்கள்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மையத்தின் வாசலில் நனைந்த அரிசிச் சாக்கை மார்போடு அணைத்தபடி ஒரு மூதாட்டி நின்றிருந்தார். சாக்குக்குள் பூனை, அதன் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. "அத வுட்டுட்டு வாங்க ஆயா" என்றார் வாசலில் நின்ற இளைஞர். அவர் பதில் பேசவில்லை, வந்த வழியே திரும்பி நடந்தார். அவரை மீண்டும் அழைத்துவர இரண்டு பேர் மழையில் ஓட வேண்டியிருந்தது. அந்தப் பூனைக்குத் தேவைப்பட்ட இடம் ஒரு வாளி வைக்கும் இடம்தான்.

உலகம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது 2005 ஆகஸ்டில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியபோது. நாயை விட்டுவர மனமில்லாமல் வெள்ளத்தில் வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம். மீட்புப் பேருந்தில் ஏறும்போது ஒரு சிறுவனின் கையிலிருந்த நாய்க்குட்டியைக் காவலர் பிடுங்கிக்கொள்ள, அவன் அழுது வாந்தியெடுத்தான் என்ற செய்தி அந்த நாடு முழுவதையும் உலுக்கியது. மறு ஆண்டே அங்கு சட்டம் வந்தது. அதைப் பற்றி 3-ஆம் பதிலில் சொல்கிறேன்.

2. வளர்ப்புப் பிராணின்னா எதெல்லாம் சேரும்? என்கிட்ட ரெண்டு ஆடு, ஒரு சேவல் இருக்கு.

ஒருவர் கையில் தூக்கியோ கயிற்றில் பிடித்தோ கொண்டுவரக்கூடியதும், கூண்டிலோ கூடையிலோ ஓர் இரவு வைத்திருக்கக்கூடியதுமான பிராணியையே இங்கு வளர்ப்புப் பிராணி என்கிறேன்: நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை. அமெரிக்க விதிமுறையும் ஏறத்தாழ இப்படித்தான் கோடு போடுகிறது; பண்ணை விலங்குகளையும் மீன்களையும் ஆமை நீங்கலான ஊர்வனவற்றையும் அது விலக்கிவைக்கிறது.

ஆனால் அந்தக் கோடு நம் கிராமங்களுக்கு அப்படியே பொருந்தாது. பால் மறக்காத ஆட்டுக்குட்டி இங்கே வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறது. ஆகவே குட்டியையும் கோழியையும் பிராணி அறையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சேவலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துத் துணியால் மூடிவிட்டால் இருட்டில் அது அடங்கிவிடும். கட்டுச்சேவல் என்றால் மற்றொரு சேவல் கண்ணில் படாத மூலை வேண்டும். வளர்ந்த ஆடு மாடுகளுக்குத் தனித் திட்டம் தேவை. அது 12-ஆம் பதிலில் இருக்கிறது.

3. இதுக்கெல்லாம் சட்டத்துல இடம் இருக்கா? நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது?

அமெரிக்காவில் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கூட்டாட்சி நிதியுதவியை எதிர்பார்க்கும் மாநில, உள்ளாட்சிப் பேரிடர்த் திட்டங்கள், வீட்டுப் பிராணிகளோடும் உதவி நாய்களோடும் இருப்பவர்களின் தேவையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். நம்முடைய பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இல் அப்படி ஒரு வெளிப்படையான பிரிவு இல்லை. அதே நேரத்தில், விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பட்டினியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவதை அரசியலமைப்பின் 51ஏ (ஜி) குடிமக்களின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பிராணியைக் கைவிடக் கூடாது என்று ஒரு பக்கம் சட்டம் சொல்லிக்கொண்டிருக்க, கைவிட்டுவிட்டு வா என்று மறுபக்கம் நாம் ஒலிபெருக்கியில் அறிவிப்பது முறையாகாது.

நடைமுறையில், இது உள்ளூர் முடிவு. கிராமப் பேரிடர் மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு அனுப்பி, மையத்தின் எந்த அறை பிராணிகளுக்கு என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழிச் சம்மதம் புயல் இரவில் செல்லாது. அன்று பணியில் இருப்பவர் வேறொருவராக இருப்பார்.

4. ஒரே ஹால்ல எல்லாரோடவும் வச்சுக்கலாமா, தனி ரூம்தான் வேணுமா?

மூன்று வழிகள் உண்டு. பிராணியும் உரிமையாளரும் ஒரே அறையில் தங்குவது. ஒரே வளாகத்தில் பிராணிகளுக்குத் தனி அறை வைத்து உரிமையாளர்களே வந்து கவனித்துக்கொள்வது. பிராணிகளை மட்டும் வேறொரு கட்டடத்துக்கு அனுப்பிவிடுவது. நம் ஊர்களுக்கு இரண்டாவதுதான் சரிப்படும் என்பது என் முடிவு. முதலாவதில் சண்டையும் ஒவ்வாமையும் வரும். மூன்றாவதில் ஆள் இங்கும் மனம் அங்குமாக இருக்கும் என்பதால், 1-ஆம் பதிலில் சொன்ன நடு இரவு ஓட்டத்தை நாமே ஏற்பாடு செய்து கொடுத்தது போலாகும்.

தேர்ந்தெடுக்கும் அறைக்குத் தனி வாசல் இருக்க வேண்டும், தரை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், சமையல் நடக்கும் பக்கத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நடுவில் தார்ப்பாயாவது கட்ட வேண்டும். பூனையின் கூடையைத் துணியால் மூடினால் அதன் பதற்றத்தில் பாதி குறைந்துவிடும்.

ஒரு பிழையைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். தூண்களின் மேல் கட்டப்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையத்தில் கீழ்த்தளம் திறந்து கிடப்பதால், பிராணிகளை அங்கே கட்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கடல் ஏறி வந்தால் தண்ணீர் கட்டடத்தை மோதாமல் ஊடே பாய்ந்து போக வேண்டும் என்பதற்காகவே அந்தத் தளம் திறந்து விடப்பட்டிருக்கிறது. அங்கே தூணில் கட்டப்பட்ட நாய்க்குத் தப்பிக்க வழியே இல்லை. சாய்தளம் வழியாக மேலே ஏற்றுங்கள்.

5. எத்தனை பிராணிக்கு எவ்வளவு இடம்னு எப்படிக் கணக்குப் போடறது?

முதலில் எண்ணுங்கள். முதியோர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி பட்டியல் எடுக்க வீடுவீடாகச் செல்லும்போதே நாய், பூனை, மற்றவை என்று மூன்று கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். மையத்தை நாடும் குடும்பங்கள் எவை என்பது ஊரில் தெரிந்ததே: தாழ்வான தெரு, கூரை வீடு, கடற்கரையை ஒட்டிய குப்பம். மாடி வீட்டுக்காரர்களின் நாய்களைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

நிவாரண முகாமில் ஒரு மனிதருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்த குறைந்தபட்ச அளவு. பிராணிகளுக்கு நான் வைக்கும் கணக்கு வேறு, அது அனுபவக் கணக்கு: நடுத்தர நாய்க்கு நடைபாதையையும் சேர்த்து 2 சதுர மீட்டர், பூனைக்கு 1. எட்டுக்கு ஆறு மீட்டர் வகுப்பறை என்றால் 48 சதுர மீட்டர். அதில் 12 நாய்களும் 10 பூனைகளும் அடங்கி, தண்ணீர்த் தொட்டிக்கும் தீவனத்துக்கும் இடம் மிஞ்சும். அதே அறையில் மேற்சொன்ன அளவின்படி 13 பேர்தான் தங்க முடியும். அந்த 22 பிராணிகளின் பின்னால் இருக்கும் குடும்பங்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் எது லாபம் என்பது விளங்கும்.

6. டிவியில புயல் சின்னம்னு சொன்னதும் ஆரம்பிச்சா போதாதா?

போதாது. வானிலை ஆய்வுத் துறையின் முதல் கட்ட அறிவிப்பு ஏறத்தாழ 72 மணி நேரத்துக்கு முன்பும், அடுத்தவை 48, 24 மணி நேரத்துக்கு முன்பும் வரும். அந்த மூன்று நாளில் அறையைத் தயார் செய்யலாம். எதிர்ப்பாற்றலைத் தயார் செய்ய முடியாது. வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முறையாகப் போட்டுக்கொண்ட நாய்க்கு முழுப் பாதுகாப்பு வர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. நம் கரைக்கான புயல்கள் பெரும்பாலும் அதன் பிறகுதான். கஜா வந்தது 2018 நவம்பர் 16, வர்தா 2016 டிசம்பர் 12, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம் என்பதால் அதை ஒட்டிக் கால்நடை மருந்தகங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கும். அந்த முகாமை உங்கள் ஊருக்கே கேட்டு வாங்குங்கள். கணக்கெடுப்பை ஆகஸ்டில் முடித்தால் எத்தனை ஊசி வேண்டும் என்பதைக் கால்நடை உதவி மருத்துவரிடம் எண்ணிக்கையோடு சொல்லலாம். எண்ணிக்கையோடு போகும் மனுவுக்குத் தனி மரியாதை உண்டு.

7. ஊசி போடாத நாயைக் கொண்டுவந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடலாமா?

கூடாது. திருப்பி அனுப்பினால் நாயோடு ஆளும் போய்விடுவார். ஊசிச் சான்று இருப்பவை ஒரு வரிசை, இல்லாதவை அறையின் கோடியில் மற்றொரு வரிசை என்று பிரியுங்கள். சான்றில்லாத நாயை உரிமையாளர் மட்டுமே தொட வேண்டும், வெளியே கொண்டுபோகும்போது வாய்க்கட்டு போட வேண்டும். பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து மூக்குக்கு மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழ் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என்று கட்டினால் அதுவே வாய்க்கட்டு. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாய் வாய் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

காரணமின்றிக் கடிக்கப் பாய்கிற, எச்சில் ஒழுகுகிற, தள்ளாடுகிற, தண்ணீரை விழுங்க முடியாத நாயை மட்டும் மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. பூட்டக்கூடிய குளியலறையோ சாமான் அறையோ ஒன்று இதற்கென்று இருக்கட்டும். கால்நடை உதவி எண்ணான 1962-க்கு அழைத்துக் கால்நடை மருத்துவரின் யோசனையைப் பெறுங்கள்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உரிமையாளர் பெயர், தெரு, கைபேசி எண், பிராணியின் அடையாளம், ஊசி உண்டா இல்லையா. ஒரே எண்ணை இரண்டு துண்டுத் துணியில் அழியாத மையால் எழுதி, ஒன்றைப் பிராணியின் கழுத்திலும் மற்றொன்றை உரிமையாளரின் மணிக்கட்டிலும் கட்டிவிடுங்கள். செந்நிற நாட்டுநாய்கள் எட்டு ஒரே அறையில் இருக்கும்போது விடியற்காலையில் இந்தத் துணியின் அருமை தெரியும்.

8. கூண்டு வாங்க எங்க ஊராட்சியில காசு இல்லையே?

வாங்கவே வேண்டாம். பூனைக்கும் முயலுக்கும் கோழிக்கும் பஞ்சாரத்தை மிஞ்சிய கூண்டு கிடையாது. தரையில் கவிழ்த்து மேலே ஒரு செங்கல் வைத்தால் முடிந்தது, காற்றும் போகும். மீன் விற்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் இரண்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் பூனைக்கூடு. மீன் வாடையால் பூனை கூடுதலாக ஒத்துழைக்கும் என்பது என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு.

நாய்க்குக் கூண்டைவிடக் கட்டுமிடமே முக்கியம். சுவரில் இரண்டு மீட்டர் இடைவெளியில் கொக்கி அடித்து, பக்கத்து நாயை எட்டாத அளவு குட்டையான கயிற்றில் கட்டுங்கள். சுருக்கு இறுகும் முடிச்சைக் கழுத்தில் போடக் கூடாது. சன்னல் கம்பியில் கட்டவும் கூடாது. மிரண்டு குதித்தால் தொங்கிவிடும்.

9. வர்றவங்க கையில என்ன கொண்டுவரணும்?

மூன்று நாளுக்கான உணவு, ஒரு கிண்ணம், கயிறு, விரிக்க வீட்டிலிருந்து ஒரு பழைய துணி, ஊசி அட்டை, தொடர்ந்து கொடுக்கும் மருந்து இருந்தால் அது. அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. பழைய துணியைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டு வாடை இருந்தால்தான் பிராணி அதில் படுக்கும்.

தண்ணீர் மையத்தின் பொறுப்பு. நாய்க்கு எடையில் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வரை ஒரு நாளைக்கு வேண்டும். 15 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. நாத்தம் தாங்க முடியாதே, யார் அள்ளுவா?

உரிமையாளர்தான் அள்ளுவார், அதை வாசலிலேயே சொல்லிக் கையொப்பம் வாங்குங்கள். தூய்மைப் பணியாளர்கள் மேல் இதைச் சுமத்தக் கூடாது. புயலுக்கு மறுநாள் அவர்களுக்கு ஊரே வேலை வைத்திருக்கும். பூனைக்கு ஒரு தட்டில் மணலோ மரத்தூளோ பரப்பினால் அதுவே தோண்டிப் புதைத்துக்கொள்ளும். நாயை மழை தணியும் நேரத்தில் ஒதுக்கிய மூலைக்குக் கயிற்றோடு கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிகள் பூனையின் கழிவுத் தட்டைத் தொடக் கூடாது.

கழுவும் முறையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சிறுநீர் தேங்கிய தரையில் நேராக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு எழும். மூடிய அறையில் அது ஆபத்து. முதலில் அள்ளி, வெறும் தண்ணீரால் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர் கரைத்த தெளிநீரால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் தண்ணீர் விட்டு அலசுங்கள். இரண்டாவது, பூனை இருக்கும் இடத்தில் பினாயில் வேண்டவே வேண்டாம். காலில் ஒட்டியதைப் பூனை நக்கும். பீனால் வகை வேதிப்பொருளை முறிக்கும் திறன் அதன் ஈரலுக்குக் குறைவு.

11. யாரையாவது கடிச்சுட்டா?

ஊசி போட்ட நாய்தானா, சின்னக் கீறல்தானா என்ற ஆராய்ச்சிக்கு முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லையென்றால் ஒருவர் குவளையால் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. பாதை திறந்ததும் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஆழமான காயத்துக்கு எதிர்ப்புப் புரதம் காயத்தைச் சுற்றிலும் செலுத்தப்படும். நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும், ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கடி நிகழாதிருக்க, பிராணி அறைக்குள் உரிமையாளர் அல்லாதவர்களையும் தனியாக வரும் குழந்தைகளையும் விடாதீர்கள். நான் அறிந்தவரை, மையங்களில் கடிபடுவது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு நாய்க்கு அன்போடு பிஸ்கட் நீட்டும் கைகள்தான்.

12. அப்போ ஆடு மாட்டுக்கு என்ன வழி? அதுதானே எங்க சொத்து?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் மையத்துக்கு வராமல் இருக்க அதிக வாய்ப்புள்ளவர். இன்றைய வங்கதேசத்தில் 1970 நவம்பரில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற புயலுக்குப் பிறகு, கடலோரத்தில் 'கில்லா' எனப்படும் உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். அலை ஏறும்போது கால்நடைகளை அதன் மேல் ஓட்டிவிட்டு மனிதர் பாதுகாப்பிடத்துக்குப் போகலாம். நம் ஊர்களில் அந்த வேலையைச் செய்யக்கூடிய மேட்டுத்திடல், உயர்ந்த ஏரிக்கரை, ஊருக்கு உள்வாங்கிய மணல்மேடு எங்கே இருக்கிறது என்று முன்பே குறித்து, வைக்கோலை அங்கே தார்ப்பாயின் கீழ் சேர்த்துவையுங்கள். மரத்தடியும் மின்கம்பி செல்லும் பாதையும் ஓட்டுக் கொட்டகையும் வேண்டாம். மாடுகளை 24 மணி நேர எச்சரிக்கைக்குக் காத்திராமல் அதற்கு முந்தைய நாள் பகலிலேயே ஓட்டிவிட வேண்டும். இருட்டில் காற்றோடு மாடு நடக்காது.

மேட்டில் விட்டவற்றைக் கட்டாதீர்கள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, காதிலோ கொம்பிலோ அடையாளம் இட்டு விடுங்கள். மழைக்கு முன் சப்பை நோய், தொண்டை அடைப்பான் தடுப்பூசியும், ஆட்டுக்குத் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

இழப்பீடு பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2022–26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000 என்று உச்சவரம்புக்கு உட்பட்டு இருந்தது. கால்நடை மருத்துவரின் சான்று தேவைப்படும் என்பதால் இறந்ததை உடனே புதைத்துவிடாமல் படமெடுத்துத் தகவல் கொடுக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் அதில் இழப்பீடு கிடையாது.

13. எனக்கு நாய்னாலே ஆகாது, மூச்சுத் திணறும். எங்க வீட்டுப் பெரியவங்க தொழணும் வேற. எங்களுக்கு என்ன ஏற்பாடு?

நியாயமான கேள்வி, இதற்கு விடை சொல்லாத திட்டம் நல்ல திட்டமல்ல. 4-ஆம் பதிலில் தனி அறை, தனி வாசல் என்று வலியுறுத்தியதே உங்களுக்காகத்தான். ஆஸ்துமா உள்ளவர்களின் பாய்கள் காற்று வரும் திசையில், பிராணி அறைக்கு எதிர்க்கோடியில் இருக்க வேண்டும். பிராணி அறைக்குப் போய் வருபவர் கைகால் கழுவிய பிறகே பொது அறைக்குள் வர வேண்டும்.

தொழுகைக்கும் வழிபாட்டுக்கும் நாய் கடந்து செல்லாத ஓர் இடத்தையும், கை கால் முகம் கழுவத் தனிக் குழாயையும் ஒதுக்குவது எளிது. பிரச்சினை இடத்தால் வருவதில்லை, கேட்காமல் செய்வதால் வருகிறது. கணக்கெடுப்புக்குப் போகும்போதே நாய் இருக்கிறதா என்று கேட்பதோடு, நாயால் தொல்லை உண்டா என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

14. தெருநாய்ங்க தானா வந்து வராண்டாவுல படுத்துக்குது. அடிச்சு விரட்டணுமா?

விரட்டினால் அவை இருட்டில் கால்களுக்கு நடுவே மீண்டும் நுழையும்; கடி விழுவது அப்போதுதான். அவை ஒதுங்குகிற மூலையைக் கயிறு கட்டிப் பிரித்து, அங்கே தண்ணீர் வைத்து, உணவு பரிமாறும் இடத்திலிருந்து தள்ளியே இருக்கச் செய்யுங்கள். வீட்டு நாய்களோடு கலக்க விடாதீர்கள். தெருவில் அவற்றுக்கு வழக்கமாகச் சோறு வைப்பவர் ஒருவர் இருப்பார். அவரையே அந்த மூலைக்குப் பொறுப்பாக்கினால் பாதி வேலை முடிந்தது. செப்டம்பர் முகாமில் இவற்றுக்கும் ஊசி போட்டிருந்தால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

15. வீட்டுல பச்சைக்கிளி வளர்க்கிறோம். கொண்டுவந்தா வனத்துறையில பிடிச்சுக் குடுத்துடுவீங்களா?

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். இதை மறைத்துப் பேச முடியாது. ஆனால் புயல் இரவில் வாசலில் நிற்கும் தன்னார்வலருக்கு ஒரே வேலைதான்: ஆளை உள்ளே கொண்டுவருவது. கிளிக்கூண்டோடு வந்தவர் கூண்டோடு உள்ளே வரட்டும். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புயல் ஓய்ந்ததும் வனத்துறையிடம் ஒப்படைக்கும்படி அவரிடம் சொல்லுங்கள், அதைச் செய்ய உதவுங்கள். இந்த நடைமுறையை வட்டாட்சியருக்கு அனுப்பும் திட்டத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் யாருக்கும் சங்கடம் இல்லை.

பயந்து போய்ப் புயல் நேரத்தில் கூண்டைத் திறந்து விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. வளர்ப்புக் கிளி அந்தக் காற்றில் பத்து அடி தாண்டாது.

16. காத்து நின்னதும் ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடலாமா?

கூடாது. புயலின் கண் நம் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும், மழை விடும், சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். முடிந்துவிட்டது என்று நம்பி ஆட்டைப் பார்க்கவும் நாயை அவிழ்க்கவும் கிளம்புகிறவர்கள் அப்போதுதான் கிளம்புகிறார்கள். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்பி வரும். முதல் காற்றில் பாதி ஆடிய மரமும் கம்பமும் இரண்டாவதில் விழும். கஜா கரையைக் கடந்தது நள்ளிரவு 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே. அந்த இருட்டில் அறுந்து கிடக்கும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது.

வாசலுக்கு இரண்டு பேரைக் காவல் வைப்பதைவிட, பிராணியை உள்ளே வைத்திருப்பது நல்ல காவல். உள்ளே இருப்பதைப் பார்க்க யாரும் வெளியே ஓட மாட்டார்கள். 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை உறுதி சொல்லும் வரை கதவு திறக்கக் கூடாது.

17. கொண்டுவரவே முடியல, விட்டுட்டுத்தான் வரணும்னா என்ன செய்யறது?

படகிலோ மீட்பு வண்டியிலோ ஏற்ற முடியாத நிலை சில நேரம் வரும். அப்போது முதல் விதி, சங்கிலியைக் கழற்றுவது. வெள்ளத்தில் நாய்கள் சாவதற்குச் சங்கிலியும் காரணமாகிறது. மொட்டைமாடிக்கோ பரணுக்கோ போகும் வழியைத் திறந்து விட்டு, கவிழாத பாத்திரம் இரண்டு மூன்றில் தண்ணீரும் உலர்ந்த உணவும் வைத்து, கதவில் சுண்ணக்கட்டியால் 'உள்ளே நாய்' என்று பெரிதாக எழுதுங்கள். மீட்பாளர் எச்சரிக்கையாக நுழைய அது உதவும். மையத்துக்கு வந்ததும் பதிவேட்டில் அந்த வீட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். காற்று ஓய்ந்தபின் முதல் சுற்றில் போகிறவர்கள் அந்தப் பட்டியலோடு போவார்கள்.

18. புயல் போனப்புறம் யாரும் வந்து வாங்கிட்டுப் போகலைன்னா அந்தப் பிராணி யாருக்கு?

வீடு இழந்த குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது நாயை அழைத்துப்போக இயலாமல் போவதுண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது. மையத்தில் சேர்க்கும்போதே, மூடிய பிறகு எத்தனை நாளுக்குள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். நான் பரிந்துரைப்பது ஏழு நாள். அதற்குள் வர முடியாதவர் எழுதிக்கொடுத்தால் ஊரிலேயே ஒரு வீடு தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் உரிமை கோராததைக் கால்நடை மருத்துவரின் யோசனையோடு விலங்கு நலத் தொண்டர்களிடம் கொடுங்கள். உடனே தத்துக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் இருந்துவிட்டு மூன்றாவது வாரம் வந்து நிற்கும் உரிமையாளருக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

19. எங்க ஊர்ல மையமே பள்ளிக்கூடம்தான். தலைமையாசிரியர் ஒத்துக்க மாட்டேங்கறாரே?

அவருடைய மறுப்பில் காரணம் இருக்கிறது. நாலு நாள் கழித்து அந்தத் தரையில் பிள்ளைகளை உட்கார வைக்கப்போகிறவர் அவர். முன்பு எப்போதோ நிவாரண முகாமுக்குக் கொடுத்து, உடைந்த பெஞ்சும் அடைத்த கழிவறையுமாகத் திரும்ப வாங்கிய அனுபவமும் இருக்கலாம். இரக்கத்தைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை; ஒப்படைக்கும் முறையைப் பற்றிப் பேசுங்கள்.

வகுப்பறையைக் கேட்காமல், சுவர் உள்ள சைக்கிள் நிறுத்துமிடத்தையோ பழைய சத்துணவுக் கூடத்தையோ கேளுங்கள். கூரை காற்றைத் தாங்குமா என்று ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் காட்டி உறுதி வாங்குங்கள். தகரக் கூரை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்: எந்த இடம், யார் கழுவித் தருவது, எத்தனை நாளுக்குள். 10-ஆம் பதிலில் சொன்ன முறையில் கழுவி, ஒரு பகல் முழுவதும் வெயில் காட்டி, அவரையே அழைத்து வந்து பார்க்கச் செய்து கையொப்பம் வாங்குங்கள். ஓர் ஊரில் இப்படி ஒப்புக்கொண்ட தலைமையாசிரியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கரும்பலகைக்குக் கீழே எந்த நாயையும் கட்டக் கூடாது. கட்டவில்லை.